விளக்கு எதைக் காட்டுகிறது?



உங்களுள் பலருடைய வீட்டுச் சுவரிலும், பள்ளியின் கணிப்பொறி அறையிலும், கல்லூரி விடுதியின் கூரையடியிலும் வெண்ணிறப் பெட்டி ஒன்று இருக்கக் காண்பீர்கள். வைஃபைப் பெட்டி என்று நாம் அதனைச் சொல்லுகிறோம். அத்தொழில் அறிந்தோர் அக்சஸ் பாயின்ட் என்பர். கம்பி வழியாக வந்து சேரும் இணையத்தை வானொலி அலையாக மாற்றிக் கைப்பேசிக்கும் கணிப்பொறிக்கும் வழங்குவது அதன் பணி. அதன் முகப்பில் கடுகளவான விளக்குகள் சில இருக்கும். சில பெட்டிகளில் ஒன்றே இருக்கும். சிலவற்றில் நான்கைந்து இருக்கும். இணையம் நின்றுவிட்டால் நம் கண் முதலில் நாடுவது அவ்விளக்கைத்தான்.

அவ்விளக்கின் வரலாற்றைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன். "கடுகளவு விளக்குக்கும் ஒரு வரலாறா?" என்று நீங்கள் நகைக்கலாம். உண்டு, அவ்வரலாற்றில் மனித உயிர்கள் பலவும் அடங்கியிருக்கின்றன. நான் அதனைத் தேடிப் படிக்கத் தொடங்கியதற்கு என் சொந்தத் தவறு ஒன்றே காரணம். ஆசிரியன் தன் தவற்றை மாணவரிடம் ஒப்புக்கொள்வதில் இழுக்கில்லை. ஆகவே அதனை முதற்கண் சொல்லிவிடுகிறேன்.

நான் பணியிலிருந்து ஓய்வு பெறுவதற்கு இரண்டாண்டுகளுக்கு முன் நடந்தது இது. எங்கள் பள்ளி நகரத்திலிருந்து தொலைவில் உள்ள சிற்றூர்ப் பள்ளி. கல்வி உதவித்தொகைக்கு இணையத்தின் வழியே விண்ணப்பிக்க அன்றே இறுதி நாள். பதினொரு பிள்ளைகள் கணிப்பொறி அறையில் காத்திருந்தனர். காலை பத்து மணிக்கு இணையம் நின்றது. கைப்பேசி அலையோ எங்கள் ஊரில் மிக மெலிது. நான் சென்று சுவர்ப் பெட்டியைப் பார்த்தேன். பச்சை விளக்கு அசையாமல் எரிந்துகொண்டிருந்தது. "பச்சை எரிகிறதே, நம்மிடம் கோளாறில்லை. விண்ணப்பத் தளத்தில் நெரிசலாயிருக்கும், பொறுத்திருங்கள்" என்று அமைதியாகச் சொன்னேன். அப்போது பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்து, "ஐயா, அந்த விளக்கு எந்தக் கம்பியைக் காட்டுகிறது?" என்று கேட்டாள். "பச்சை என்றால் நலம் என்று பொருள், உட்கார் அம்மா" என்று அவளை அமர்த்திவிட்டேன்.

மாலை நான்கு மணிக்கு அலுவலக அறையின் பூட்டைத் திறந்தபோதுதான் உண்மை விளங்கிற்று. வெளியிலிருந்து வரும் கண்ணாடி இழைக் கம்பி எங்கோ அறுந்திருந்தது. அக்கம்பி வந்து சேரும் மற்றொரு பெட்டியில் சிவப்பு விளக்கு காலை முதலே எரிந்துகொண்டிருந்திருக்கிறது. பூட்டிய அறையில் அதனைக் காண்பார் இல்லை. கணிப்பொறி அறையின் பச்சை விளக்கு, அப்பெட்டியிலிருந்து பக்கத்து அலமாரிவரை செல்லும் கம்பியை மட்டுமே காட்டியது. அது பொய் சொல்லவில்லை. நான்தான் அது சொல்லாததையும் சேர்த்துக் கேட்டுக்கொண்டேன். பிள்ளைகளைப் பேருந்தில் நகரத்திற்கு அழைத்துச் சென்று, கணிப்பொறி மையம் ஒன்றில் அமர்ந்து ஒன்பது பேருடைய விண்ணப்பங்களை அனுப்பினோம். மற்ற இருவர் அதற்குள் வீடு திரும்பிவிட்டனர். அவர்கள் ஊருக்கு மாலையில் பேருந்து இல்லை. அவ்விருவருக்கும் அவ்வாண்டு உதவித்தொகை கிட்டாமற் போயிற்று. அம்மாணவியின் கேள்விக்குக் காலையிலேயே செவி சாய்த்திருந்தால் நண்பகலுக்குள் பதினொருவரையும் அழைத்துச் சென்றிருக்கலாம்.

அக்கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டே பழைய வரலாற்றைப் புரட்டினேன். என்னைப்போல் ஏமாந்தோர் எத்தனையோ பேர் என்பதை அறிந்தேன். அவர்களுள் சிலர் கொடுத்த விலை மிகப் பெரிது.

விளக்கின் நிறத்திற்குப் பொருள் வகுத்து நாடெங்கும் பழக்கியவை இருப்புப் பாதைகளே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இங்கிலாந்தில் சிவப்பு அபாயத்தையும், பச்சை எச்சரிக்கையையும், வெண்மை தடையின்மையையும் குறித்தன. ஆம், அன்று "செல்லலாம்" என்று சொன்னது வெள்ளை விளக்கு! இதில் ஒரு பெருங்குறை இருந்தது. சிவப்புக் கண்ணாடி உடைந்து விழுந்துவிட்டால் உள்ளிருக்கும் விளக்கு வெள்ளையாகவே தெரியும். "நில்" என்ற ஆணை, கண்ணாடி உடைந்த காரணத்தாலேயே "செல்" என்று மாறிவிடும்.

1876ஆம் ஆண்டு ஜனவரி 21ஆம் நாள் மாலை, ஹண்டிங்டன் நகருக்கு அருகில் உள்ள ஆபட்ஸ் ரிப்டன் என்னும் இடத்தில் கடும் பனி பெய்துகொண்டிருந்தது. நிலக்கரி வண்டி ஒன்று கிளைப்பாதையில் ஒதுங்க வேண்டியிருந்ததால், சிக்னல் காப்பாளர் பின்வரும் வண்டியை நிறுத்துவதற்காக நெம்புகோலை அபாய நிலைக்குத் தள்ளினார். நெம்புகோல் நகர்ந்தது; ஆயினும் கைகாட்டி நகரவில்லை. பனி உறைந்து அதனைத் தடையில்லா நிலையிலேயே பிடித்து வைத்துவிட்டது. ஸ்காட்லாந்திலிருந்து லண்டனை நோக்கி விரைந்து வந்த வண்டியின் ஓட்டுநர் வெள்ளை விளக்கைக் கண்டார். வேகத்தைக் குறைக்காமல் வந்து நிலக்கரி வண்டியில் மோதினார். அச்சிதைவின்மீது எதிர்த்திசையில் வந்த மற்றொரு விரைவு வண்டியும் மோதிற்று.

இங்கு ஒரு நுட்பத்தைக் காணுங்கள். காப்பாளர் அறிந்தது தாம் இட்ட ஆணையை மட்டுமே. அது நிறைவேறியதா என்பது அவருக்குத் தெரியாது. இடப்பட்ட ஆணை வேறு, நிகழ்ந்த செயல் வேறு. இவ்விபத்துக்குப் பின், கைகாட்டிகள் இயல்பாகவே அபாய நிலையில் நிற்க வேண்டும், வண்டி வரும்போது மட்டும் வழிவிட வேண்டும் என்ற முறை வேரூன்றியது. அந்நூற்றாண்டின் இறுதிக்குள் வெள்ளை நீக்கப்பட்டுப் பச்சையே தடையின்மைக்கு உரிய நிறமாக நிலைபெறத் தொடங்கிற்று. இன்று நம் வைஃபைப் பெட்டியில் ஒளிரும் பச்சைக்கு நாம் காட்டும் நம்பிக்கை இந்த வழியில் வந்த சொத்தாகும்.

நிறத்தைக் காணும் கண்ணும் எல்லோர்க்கும் ஒன்றன்று. 1875இல் ஸ்வீடன் நாட்டின் லாகர்லுண்டாவில் இரண்டு வண்டிகள் மோதின. நிறக்குருடு இதற்குக் காரணமாயிருக்கலாம் என்று உப்சாலாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹோம்கிரென் ஐயுற்றார். நிறம் நிறமான கம்பளி நூல்களைக் கொடுத்து, இருப்புப் பாதைப் பணியாளரின் கண்களைச் சோதிக்கும் முறையை அவர் வகுத்தார். அவ்விபத்தின் உண்மைக் காரணம் அதுதானா என்பதைப் பிற்கால ஆராய்ச்சியாளர் ஐயுறுகின்றனர். எனினும் சோதனை நிலைத்தது. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாத மாணவர் உங்கள் வகுப்பிலும் ஒருவர் இருக்கக்கூடும். ஒரே விளக்கு நிறம் மாறிச் செய்தி சொல்லும் பெட்டியின்முன் அவர் இடர்ப்படுவார் என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.

இனி நம் வானொலிக்கு வருவோம். என் இளமையில் வசதியுள்ள வீடுகளில் வால்வு வானொலிப் பெட்டி இருக்கும். சில பெட்டிகளின் முகப்பில் பச்சை நிறமாக ஒளிரும் வட்டக் கண் ஒன்று உண்டு. அதனை மந்திரக் கண் என்பர். 1930களின் நடுவில் அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. நிறுவனம் அதனைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. நிலையத்தை நோக்கிக் குமிழைத் திருப்பத் திருப்ப, அக்கண்ணில் உள்ள நிழல் குறுகிக்கொண்டே வரும். மிகக் குறுகும் இடமே சரியான இடம். ஆனால் அக்கண் அளந்தது அலையின் வலிமையையே தவிர நிகழ்ச்சியை அன்று. நிலையத்தில் பேசுகிறவர் வாய்மூடி அமர்ந்திருந்தாலும், அலை வந்துகொண்டிருக்கும்வரை கண் நிறைந்தே இருக்கும். "அலை வருகிறது" என்பது ஒரு செய்தி. "பேச்சு வருகிறது" என்பது மற்றொரு செய்தி.

இன்றைய பெட்டிகளில் ஒளிர்வது எல்.இ.டி. எனப்படும் ஒளியுமிழ் டையோடு. 1907இல் மார்கோனி நிறுவனத்தில் பணியாற்றிய ஹென்றி ஜோசப் ரவுண்ட் என்பவர், கார்போரண்டம் என்னும் படிகத்தின் வழியே மின்சாரம் செலுத்தியபோது அது ஒளிர்வதைக் கண்டு, ஓர் இதழில் சிறு குறிப்பாக எழுதினார். 1920களில் ருஷ்ய நாட்டு ஒலெக் லோசெவ் அவ்வொளியை விரிவாக ஆராய்ந்தார். அவ்விளைஞர் 1942இல் லெனின்கிராடு முற்றுகையின்போது பட்டினியால் உயிர் நீத்தார். 1962இல் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் நிக் ஹோலோன்யாக், கண்ணுக்குப் புலனாகும் சிவப்பு ஒளி தரும் டையோடைச் செய்து காட்டினார். பின்னர் மஞ்சளும் பச்சையும் வந்தன. பிரகாசமான நீலம் மட்டும் 1990கள்வரை கைகூடவில்லை. அதனைச் சாதித்த அகாசாகி, அமானோ, நகாமுரா ஆகிய மூவரும் 2014இல் பௌதிகத்திற்கான நோபெல் பரிசு பெற்றனர். உங்கள் பெட்டியில் ஒரு நீலப்புள்ளி ஒளிர்கிறதென்றால் அதன் பின்னே இத்தனை பேருடைய உழைப்பு இருக்கிறது.

டையோடு வருவதற்கு முன் சிறு இழை பல்புகளே சுட்டு விளக்குகளாயிருந்தன. அவை அடிக்கடி எரிந்துபோகும். விளக்கு அணைந்திருந்தால், கருவி பழுதா, பல்பே பழுதா என்னும் ஐயம் எழும். இவ்வையம் ஒரு விமானத்தையே வீழ்த்தியது. 1972ஆம் ஆண்டு டிசம்பர் 29ஆம் நாள் இரவு, நியூயார்க்கிலிருந்து 176 பேருடன் மயாமிக்கு வந்த ஈஸ்டர்ன் நிறுவனத்தின் 401ஆம் எண் விமானம் இறங்க ஆயத்தமாயிற்று. மூக்குச் சக்கரம் இறங்கியதைக் காட்டும் பச்சை விளக்கு எரியவில்லை. விமானிகள் தரையிறங்குவதை ஒத்திவைத்து, விமானத்தைத் தானியங்கியிடம் ஒப்படைத்துவிட்டு, அவ்விளக்கைக் கழற்றிப் பார்ப்பதிலேயே மூழ்கினர். தானியங்கியின் உயரக் கட்டுப்பாடு அவர்கள் அறியாமலே விலகிவிட்டது. விமானம் சிறிது சிறிதாகத் தாழ்ந்துகொண்டே வந்து எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் விழுந்தது. 101 பேர் மாண்டனர். சக்கரமோ நன்றாகவே இறங்கியிருந்தது. எரிந்துபோனது விளக்கின் பல்புகள்தாம். அணைந்த விளக்கொன்றைக் கண்ட கண்கள், உயரம் காட்டும் கருவியைக் காண மறந்தன.

ஏழாண்டுகள்கூட ஆகவில்லை; இதற்கு நேர்மாறான ஏமாற்றம் ஒன்று நிகழ்ந்தது. 1979ஆம் ஆண்டு மார்ச் 28ஆம் நாள் விடியற்காலை நான்கு மணியளவில், பென்சில்வேனியாவின் மூன்று மைல் தீவு அணுமின் நிலையத்தில், அழுத்தத்தைத் தணிக்கும் வால்வு ஒன்று திறந்தது. பிறகு மூடியிருக்க வேண்டும், மூடவில்லை. கட்டுப்பாட்டு அறையில் இருந்த விளக்கோ, வால்வு மூடியிருப்பதாக இயக்குநர்கள் எண்ணும்படி நின்றது. ஏனெனில் அவ்விளக்கு வால்வின் நிலையைக் காட்டவில்லை. வால்வுக்குச் சென்ற மின் ஆணையை மட்டுமே காட்டியது. ஆணை போயிற்று, வால்வு கேட்கவில்லை. இரண்டு மணி நேரத்திற்கு மேல் குளிர்விக்கும் நீர் வெளியேறிக்கொண்டேயிருந்தது. உலையின் உள்ளகத்தில் ஏறத்தாழப் பாதி உருகிப்போயிற்று. ஆபட்ஸ் ரிப்டனின் நெம்புகோல் கற்பித்த பாடத்தை, நூறாண்டுகள் கழிந்த பின்னும் மனிதர் மீண்டும் கற்க வேண்டியதாயிற்று.

இனி நம் பெட்டியின் விளக்குக்கு வருவோம். கணிப்பொறிகளைக் கம்பியால் பிணைக்கும் ஈதர்நெட் முறை 1973இல் அமெரிக்காவின் ஜெராக்ஸ் ஆராய்ச்சி நிலையத்தில் தோன்றியது. 1990இல், தொலைபேசிக் கம்பியைப்போல் முறுக்கிய கம்பிகளில் அதனைச் செலுத்தும் முறை தரப்படுத்தப்பட்டது. செய்தி ஒன்றும் செல்லாத நேரத்திலும், சுமார் 16 மில்லி விநாடிக்கு ஒரு முறை, "நான் இங்கிருக்கிறேன்" என்று சொல்வதைப்போல் ஒரு சிறு துடிப்பை ஒவ்வொரு முனையும் மறுமுனைக்கு அனுப்பும். அத்துடிப்பு வந்து சேர்ந்தால் பெறுகிற முனையில் இணைப்பு விளக்கு எரியும். பிற்காலத்து விரைவு முறைகளில் துடிப்பின் வடிவம் மாறிற்று. விளக்கின் பொருள் மாறவில்லை. "அடுத்த முனை உயிரோடிருக்கிறது, அதன் குரல் எனக்குக் கேட்கிறது" என்பதற்குமேல் அது ஒன்றும் சொல்லாது. அடுத்த முனைக்கு அப்பால் உலகமே அறுந்து கிடந்தாலும் அது அறியாது. என் பள்ளியில் அசையாது எரிந்த பச்சை இதுவே.

1997இல் கம்பியில்லா முறைக்கு முதல் தரம் வகுக்கப்பட்டது. 1999இல் வைஃபை என்னும் பெயர் வழங்கத் தொடங்கிற்று. 2003இல் தரவு செல்லும் கம்பியிலேயே மின்சாரத்தையும் அனுப்பும் முறை தரம் பெற்றது. அதனால் கூரையில் தொங்கும் பெட்டிக்குத் தனி மின்கம்பி வேண்டியதில்லை. ஆனால் ஒரே கம்பி இரண்டு தொழில் செய்வதால், கோளாறு காண்போர்க்கு ஐயமும் இரட்டித்தது.

ஆகவே உங்களுக்குச் சில வழிகள் சொல்லுகிறேன். விளக்கே எரியவில்லையா? முதலில் மின்சாரத்தைப் பாருங்கள். தரவுக் கம்பி வழியே மின்சாரம் பெறும் பெட்டியாயின், அதனை அனுப்பும் கருவி இயங்குகிறதா என்று பாருங்கள். 2003ஆம் ஆண்டுத் தரம் அனுப்பும் முனையில் தருவது 15.4 வாட்டு, அதற்குமேல் கேட்கும் புதிய பெட்டிகள் அரைவயிற்றோடு மஞ்சள் காட்டி நிற்பதும் உண்டு. இரவில் கண் கூசாதிருக்க விளக்குகளை அணைத்துவைக்கும் வசதியும் சில பெட்டிகளில் உண்டு; ஆதலால் இருட்டைக் கண்டவுடன் பெட்டி இறந்துவிட்டதென முடிவு கட்ட வேண்டா.

விளக்கு சிமிட்டுகிறதா? பெட்டி அப்போதுதான் விழித்தெழுந்துகொண்டிருக்கலாம். சில நிமிடம் பொறுங்கள். தன் உள்நிரலைப் புதுப்பித்துக்கொண்டிருக்கவும் கூடும். அந்நேரத்தில் பொறுமையிழந்து மின்சாரத்தைத் துண்டித்தால், நலமாயிருந்த பெட்டி பயனற்றுப் போதல் உண்டு. விளக்கு பச்சையாக எரிந்தும் இணையம் இல்லையா? கம்பியின் மறுமுனைக்கு நடந்து செல்லுங்கள். அங்குள்ள விளக்கையும் பாருங்கள். அதற்கும் அடுத்த பெட்டியைப் பாருங்கள். வெளிக்கம்பி வந்து நுழையும் இடம்வரை விடாமல் செல்லுங்கள். அலையைக் குறிக்கும் விளக்கு எரிந்தால், பெட்டி அலை பரப்புகிறது என்றே பொருள். உங்கள் கடவுச்சொல் சரியென்று பொருளன்று. நிறத்தின் பொருளோ நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். ஒருவருக்கு நீலம் நலம். மற்றொருவருக்கு வெள்ளை நலம். பெட்டியோடு வரும் கையேட்டைத் தூக்கி எறியாமல் வைத்திருங்கள். அதில் விளக்கின் பட்டியல் ஒரு பக்கத்தில் இருக்கும்.

இவையெல்லாம் நினைவில் நில்லாமற் போனாலும், அம்மாணவியின் கேள்வி ஒன்றை மறவாதீர்கள். இந்த விளக்கு எந்தக் கம்பியைக் காட்டுகிறது? ஆணையைக் காட்டுகிறதா, நிகழ்ந்ததைக் காட்டுகிறதா? விளக்கே பழுதாயிருக்கக் கூடுமா? இக்கேள்விகளை உரிய நேரத்தில் கேட்டிருந்தால் மயாமிக்குச் சென்ற விமானம் இறங்கியிருக்கும். என் பள்ளிப் பிள்ளைகள் இருவரும் தங்கள் உதவித்தொகையைப் பெற்றிருப்பர்.

மறுநாள் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் நான் அம்மாணவியை அழைத்து, "நேற்று நீ கேட்டது சரி, நான் சொன்னது தவறு" என்று எல்லார் முன்னிலையிலும் சொன்னேன். அவள் நாணித் தலைகுனிந்து நின்றாள். அன்று மாலையே, அலுவலகப் பெட்டியிலிருந்து கணிப்பொறி அறைவரை எந்த விளக்கு எதைக் காட்டும் என்பதை அவளே ஒரு தாளில் வரைந்து கொண்டுவந்தாள். அதனை அறைச் சுவரில் ஒட்டினோம். அலுவலக அறையின் மற்றொரு திறவுகோல், அன்று முதல் அத்தாளின் அருகே ஓர் ஆணியில் தொங்கலாயிற்று. நான் ஓய்வு பெற்று வெளியேறிய நாளிலும் தாளும் திறவுகோலும் அங்கேயே இருந்தன.